உடைமாற்றும் அறையிலிருந்து ஆளுநர் மாளிகைக்கு

1976 டிசம்பர் முதலாம் திகதி தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநராகப் பதவியேற்றார் சேர் டக்ளஸ் நிக்கல்ஸ். அவுஸ்திரேலிய மாநிலமொன்றின் ஆளுநரான முதலாவது பூர்வகுடி மகன் அவரே. அதற்கு 49 ஆண்டுகளுக்கு முன்னர், மெல்பேர்ணின் கார்ல்டன் கழகத்தின் உடைமாற்றும் அறையில் அவர் தீண்டத்தகாதவராகவே நடத்தப்பட்டார்.

மறே ஆற்றங்கரையிலுள்ள கமராகஞ்சா குடியேற்றத்தில், யோர்ட்டா யோர்ட்டா மக்களிடையே 1906 இல் பிறந்தவர் நிக்கல்ஸ். பூர்வகுடிகளின் பிள்ளைகளைப் பொலிஸார் பலவந்தமாகப் பிரித்துச் சென்ற காலம் அது. அவருடைய தமக்கையும் அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டார்.

அக்குடியேற்றத்தின் பாடசாலையைப் பற்றி எமது வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. அங்கு நெடுங்காலம் ஆசிரியராக விளங்கிய தோமஸ் ஷட்ராக் ஜேம்ஸ், மொரீசியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். பூர்வகுடிப் பெண்ணொருவரை மணந்து அம்மக்களுள் ஒருவராகவே வாழ்ந்தவர். 1930 களில் பூர்வகுடிகளின் உரிமைக்குரலை எழுப்பிய தலைவர்களிற் பலர் அவரிடம் கல்வி கற்றவர்கள்.

1927 இல் கார்ல்டன் கழகத்தில் பயிற்சிக்குச் சென்ற நிக்கல்ஸின் உடலைத் தேய்த்துவிட அங்கிருந்த பயிற்றுவிப்பாளர்கள் மறுத்தனர். அவரிடம் துர்நாற்றம் வீசுகிறது என்று காரணம் கூறப்பட்டது. அவர் வெளியேறி நோர்த்கோட் கழகத்தில் சேர்ந்தார். 1929 இல் அக்கழகம் சம்பியனாகியது. அதே ஆண்டில் இரு ஓட்டப்போட்டிகளிலும் அவர் பரிசு வென்றார்.

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. நீள்வட்டத் திடலில், அணிக்குப் பதினெண்மர் ஆடுவர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம். எகிறிப் பந்தைப் பிடிக்கும் நெடியவர்களுக்கே சாதகமான ஆட்டம் எனலாம். ஐந்தடி இரண்டு அங்குல உயரமே கொண்ட நிக்கல்ஸ், தமது வேகத்தாலேயே அங்கு நிலைத்தார். 1932 இல் பிற்ஸ்ரோய் கழகத்தில் அவர் சேர்ந்த வேளையில், தனித்து அமர்ந்திருந்தவரின் அருகே வந்து அமர்ந்தவர் அக்காலத்தின் மாபெரும் வீரர் ஹெய்டன் பன்ரன். பிற்ஸ்ரோய்க்காக 54 ஆட்டங்கள் ஆடிய நிக்கல்ஸ், 1935 இல் விக்டோரியா மாநில அணியிலும் இடம்பெற்றார். முழங்கால் உபாதை அவருடைய விளையாட்டு வாழ்வை முடித்துவைத்தது.

அதன்பின்னர் அவர் மதபோதகராகவும் சமூகத் தொண்டராகவும் வாழ்ந்தார். 1938 ஜனவரி 26 அன்று சிட்னியில் பூர்வகுடிகள் துக்கதினம் அனுஷ்டித்தபோது உரையாற்றியவர்களுள் அவரும் ஒருவர். 1957 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் வாழ்ந்த பூர்வகுடிகளின் பட்டினியைப் படமாக்கி மக்களுக்குக் காட்டினார். அதனால் எழுந்த கொந்தளிப்பிலேயே பூர்வகுடிகள் முன்னேற்றக் கழகம் உருவாகியது. 1967 சர்வசன வாக்கெடுப்பில் 90 வீதத்துக்கும் அதிகமானோர் பூர்வகுடிகளுக்குச் சாதகமாக வாக்களித்ததன் பின்னணியில், அத்தகையோரின் நெடுநாளைய உழைப்பு இருந்தது.

1972 இல் 'சேர்' பட்டம் பெற்ற அவரை மிதவாதி என இளைய செயற்பாட்டாளர் சிலர் சாடினர். அது ஓரளவுக்கு உண்மையே. ஆயினும், துக்கதின மேடையில் நின்றவரை அஞ்சியவர் என எவ்வாறு கூறுவது? நோய்வாய்ப்பட்டமையால் ஆளுநர் பதவியில் அவர் ஐந்து மாதங்களே நீடித்தார். 1988 இல் காலமான அவருடைய உடல், கமராகஞ்சாவிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

2016 முதல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டச் சுற்றொன்று அவருடைய பெயரால் நடைபெறுகின்றது. பூர்வகுடிகளின் ஓவியங்கள் பொறித்த சீருடை அணிந்து அதில் ஆடும் கழகங்களுள் கார்ல்டனும் ஒன்று.