கூடாரத்தில் எல்லோரும், மேடையில் ஒருவர்: கரையோரப் பாடசாலைகளின் இரு போட்டிகள்

சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களை விட்டுவிடுவோம். அப்போது சந்திக்குச் சந்தி பதாகை தொங்கும்; அது வேறு கதை. மற்றபடி மருதமுனை தொட்டு நிந்தவூர் வரையான நமது கரையோர ஊர்களில் ஓர் இடைநிலைப் பாடசாலை பாடப் புத்தகத்துக்கு வெளியே எதற்காக அதிகம் உழைக்கிறது என்று பார்த்தால், இரண்டு நிகழ்வுகள் முன்னுக்கு வரும். ஒன்று இல்ல விளையாட்டுப் போட்டி, மற்றது தமிழ்மொழித் தினப் போட்டி. மீலாத் விழா, பரிசளிப்பு விழா, கண்காட்சி, சாரணர், மாணவர் படையணி என்று இன்னும் பல இருக்கின்றன. கல்முனை சாஹிறா, மஹ்மூத் மகளிர் கல்லூரி, மருதமுனை அல்-மனார் போன்ற பெரிய பாடசாலைகளில் அவை எல்லாவற்றுக்கும் ஆளும் இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. ஆனால் ஆசிரியர், மாணவர், பெற்றார் மூவரையும் ஒருசேர இழுத்துப்போடுபவை என்று இந்த இரண்டையும்தான் சொல்ல வேண்டும். அல்லது, இழுத்துப்போட வேண்டியவை. இரண்டில் ஒன்று அதைச் செய்கிறது, மற்றது செய்வதில்லை. ஏன் என்பதே இங்கு கேள்வி.

ஏறிப்போகும் படிகள் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். விளையாட்டில் பாடசாலையில் வென்றவர் வலயத்துக்குப் போவார், அங்கிருந்து மாகாணம், பிறகு அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டி. 12, 14, 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். தமிழ்மொழித் தினத்திலும் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று அதே வரிசை. வயதுக்குப் பதிலாகத் தரத்தை வைத்துப் பிரிப்பார்கள். இரண்டையும் நடத்துவது கல்வி அமைச்சும் அதன் கீழுள்ள திணைக்களங்களும். சுற்றறிக்கை வரும், விண்ணப்பப் படிவம் வரும், இறுதித் திகதி வரும். மேலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒரே மாதிரியான இரண்டு கோப்புகள்.

வித்தியாசம் அடிப்படியில்தான் இருக்கிறது.

இல்ல முறை நமது ஊரில் முளைத்த ஒன்றல்ல. ஆங்கிலேயரின் விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் தனித்தனி வீடுகளில் தங்கினார்கள். அந்த வீடுகளுக்கிடையே போட்டி நடந்தது. மிஷனரிப் பாடசாலைகளின் வழியாக அந்த ஏற்பாடு இலங்கைக்கு வந்து, பகற் பாடசாலைகளிலும் ஒட்டிக்கொண்டது. கல்முனையில் மெதடிஸ்தரின் உவெஸ்லி அந்த வழியில் வந்தது. 1949இல் சாஹிறா தொடங்கியபோது அந்த முறை நாடெங்கும் பழகிப்போயிருந்தது. நம்மவர்கள் செய்த காரியம், அதற்குத் தங்கள் பெயரைச் சூட்டியது. முஸ்லிம் பாடசாலைகள் பலவற்றில் இல்லங்களுக்கு ஸபா, மர்வா, அறபா, ஹிறா என்று பெயர். படுத்துறங்க ஒரு பாய்கூட இல்லாத 'இல்லம்' அது. ஆனாலும் தரம் 6இல் சேர்ந்த அன்றே பிள்ளைக்கு ஒரு நிறமும் ஒரு பெயரும் கிடைத்துவிடுகின்றன. ஓடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அது பொது.

இந்தப் பொதுமையில்தான் இல்ல விளையாட்டுப் போட்டியின் பலம் எல்லாம் அடங்கியிருக்கிறது. நூறு மீற்றரில் ஓடுபவர்கள் ஒரு சிலர். அவர்களுக்குப் பின்னால் கூடாரம் கட்டுபவர் இருக்கிறார், கிடுகும் மூங்கிலும் தேடிப் போனவர் இருக்கிறார், இல்ல அலங்காரத்துக்குக் கடதாசி வெட்டியவர், அணிநடையில் கால் பிசகாமல் நடக்க வெயிலில் நாட்கணக்கில் பழகியவர், உடற்பயிற்சிக் கண்காட்சியில் மூன்றாம் வரிசையில் நிற்பவர், தொண்டை கட்டும்வரை கத்தியவர், தண்ணீர் கொண்டு ஓடியவர் என்று ஒரு படையே இருக்கிறது. புள்ளிப் பலகையில் இவர்கள் பெயர் வராது. இல்லம் வென்றால் இவர்கள் வென்றார்கள். கணித பாடத்தில் கடைசி வாங்கில் ஒதுங்கியிருக்கும் பையன் இல்ல அலங்காரத்தில் பொறுப்பாளனாக நின்று மற்றவர்களை ஏவுவதை அந்த வாரத்தில் பார்க்கலாம். வேலை தெரிந்த அவனை அன்றைக்கு வகுப்பே தேடும்.

ஊரும் வரும். உம்மாமார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நிற்பார்கள். ஐஸ்பழ வண்டியும் கடலை வண்டியும் யாரும் அழைக்காமலே வந்து சேரும். சாதாரண தரம் எழுதிய ஆண்டைப் பெயராக வைத்துக்கொண்ட பழைய மாணவர் அணிகள் ரீசேர்ட் அடித்துப் போட்டுக்கொண்டு வந்து கயிறு இழுப்பார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் சகபாடிகள் கிண்ணத்துக்குக் காசு அனுப்பியிருப்பார்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தன் பழைய இல்லத்தின் நிறத்தைத் தேடி அந்தக் கூடாரத்திலேயே போய் உட்கார்வதையும் காணலாம்.

குறை இல்லாமலில்லை. பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று அழைப்பிதழில் பாதியைப் பெயர்களே பிடித்துக்கொள்கின்றன. அவர்கள் வரும்வரை பிள்ளைகள் வெயிலில் அணிவகுத்து நிற்கிறார்கள். தேர்தல் ஆண்டென்றால் கேட்கவே வேண்டாம். அஞ்சலோட்டத்துக்கு ஒதுக்கிய நேரத்தைப் பொன்னாடை தின்றுவிடும்.

காலமும் இப்போது கைகொடுப்பதில்லை. நமது கரையில் வடகீழ்ப் பருவமழை ஜனவரியிலும் தலைகாட்டும். மைதானம் காய்ந்து கைக்கு வருவது பெப்ரவரி, மார்ச்சில். அண்மைய ஆண்டுகளில் நோன்பு அந்த மாதங்களுக்குள்ளேயே நகர்ந்து வந்திருக்கிறது. 2024இலும் 2025இலும் அது மார்ச்சைப் பிடித்துக்கொண்டது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கால விடுமுறை தனியாக உண்டு என்பதால், போட்டியை ஈர மணலில் அவசரமாக முடிப்பதா, பெருநாள் கழித்துக் கொளுத்தும் வெயிலில் வைப்பதா என்று அதிபர்கள் தடுமாறுகிறார்கள். ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே வரும் கணக்கில், 2030இல் நோன்பு ஜனவரித் தொடக்கத்துக்குப் போய்விடும். அதன் பிறகு இந்தச் சிக்கல் சில காலம் தானாகவே தீரும்.

இனி மேடைப் பக்கம் வருவோம்.

எழுத்தாக்கம், பேச்சு, பாவோதல், இசை, நடனம், நாட்டார் பாடல், விவாதம், தமிழறிவு வினாவிடை, வில்லுப்பாட்டு, நாடகம், போதாதற்கு முஸ்லிம் நிகழ்ச்சி என்று தமிழ்மொழித் தினத்தின் பட்டியல் நீளமானது. மைதானத்தில் ஓட்டம், பாய்தல், எறிதல் என்று மூன்று வகைத் திறமைக்கு இடம் இருக்கிறதென்றால், இங்கே அதைவிடப் பல மடங்கு வாசல்கள் திறந்திருக்கின்றன. முஸ்லிம் நிகழ்ச்சியில் வரும் களிகம்பு, றபான், பக்கீர் பைத் போன்ற கலைகள் கந்தூரிகளோடும் கலியாணங்களோடும் வாழ்ந்தவை. இன்று அவற்றை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை முறையாகப் பழகுவதற்குக் காரணமாக இருப்பது பெரும்பாலும் இந்தப் போட்டிதான். வயலிலும் வாசலிலும் நமது பெண்கள் பாடிய கவிகளுக்கும் அதே கதி. வீட்டில் மூத்தம்மாவிடம் இருந்த பாட்டை, நாட்டார் பாடல் போட்டிக்கென்று பேத்தி கேட்டு எழுதுகிறாள். போட்டி இல்லையென்றால் கேட்டிருக்கமாட்டாள். இதற்காகவே தமிழ்மொழித் தினத்துக்கு நான் அதிகப் புள்ளி கொடுப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்முனைக் கல்வி வலயத்துக்குள் முஸ்லிம் பாடசாலைகளும் இருக்கின்றன, உவெஸ்லி, கார்மேல் பற்றிமா போன்ற தமிழ்ப் பாடசாலைகளும் இருக்கின்றன. பிரதேச செயலகம், எல்லை, சபை என்று இரண்டு சமூகமும் முகம் திருப்பிக்கொண்ட ஊர் இது. 2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி நடந்த உண்ணாவிரதத்தை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட ஊரில், வலயப் போட்டியன்று மருதமுனைப் பிள்ளையும் பாண்டிருப்புப் பிள்ளையும் ஒரே மண்டபத்தில், ஒரே தலைப்புக்கு, ஒரே மொழியில் கட்டுரை எழுதுகிறார்கள். வலய விளையாட்டுப் போட்டியிலும் இருவரும் சந்திக்கிறார்கள், உண்மை. ஆனால் ஓட்டத்தில் அடுத்தவன் என்ன நினைக்கிறான் என்று கேட்க வழியில்லை. விவாத மேடையில் கேட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பதில் சொல்ல முடியாது.

இவ்வளவு செழிப்பான போட்டி பாடசாலை மட்டத்தில் எப்படி நடக்கிறது? பல இடங்களில் நடப்பதே இல்லை என்பதுதான் பதில். கோட்டத்துக்குப் பெயர் அனுப்பும் இறுதித் திகதி நெருங்கியதும் தமிழ் ஆசிரியர்கள் கூடி, பேச்சுக்கு இன்னார், பாவோதலுக்கு இன்னார் என்று எழுதிவிடுகிறார்கள். போன வருடம் போனவரே இந்த வருடமும். நடந்தாலும் ஒரு வகுப்பறை, மூன்று நடுவர், போட்டியாளர்கள், அவ்வளவுதான். கைதட்ட ஆளில்லை. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் மிச்சப்பேருக்கு அப்படியொன்று நடந்ததே தெரியாது. காலைக் கூட்டத்தில் சான்றிதழ் கொடுக்கும்போதுதான் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குக் கூடாரம் இல்லை. தோற்றவரைத் தேற்ற இல்லமும் இல்லை.

பார்வையாளர் இல்லாத இடத்தில் பேச்சு என்னவாகும்? மனனமாகும். ஆசிரியரோ வெளியில் ஒருவரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை வரி பிசகாமல் ஒப்புவிக்கிறது. கை எங்கே உயர வேண்டும், குரல் எங்கே தழுதழுக்க வேண்டும் என்பதும் பழக்கித்தான் வருகிறது. நடுவருக்குப் பிள்ளை தெரியாது, எழுதியவரின் நடைதான் தெரியும். இதில் தப்பித்துக்கொள்பவை இரண்டு: தலைப்பை அங்கேயே கொடுத்து எழுதச் சொல்லும் எழுத்தாக்கமும், எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று முன்கூட்டித் தெரியாத விவாதமும். மைதானத்தில் வேறொருவர் ஓடித்தர முடியாது என்ற நேர்மை இருக்கிறதே, மேடையில் அது இந்த இரண்டுக்கும் மட்டும் வாய்த்திருக்கிறது.

இந்தக் கரைக்குத் தமிழ் மேடை புதிதல்ல என்பதால்தான் இது உறுத்துகிறது. பெரியநீலாவணையின் நீலாவணன், மருதமுனையின் மருதூர்க்கொத்தன், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான் என்று இங்கிருந்து எழுந்த எழுத்தாளர்களில் கணிசமானோர் பாடசாலை ஆசிரியர்கள். அவர்கள் காலத்துக் கவியரங்குகளில் கவிதைக்கு முன்னால் ஊர் உட்கார்ந்திருந்தது. புள்ளி போட நடுவர் இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போகச் சபை இருந்தது. தமிழையும் முஸ்லிம், தமிழர் நட்பையும் அந்தச் சபைகள் ஒருசேர வளர்த்தன. இப்போது நாம் போட்டியை வைத்துக்கொண்டு சபையைக் கைவிட்டிருக்கிறோம்.

பெண் பிள்ளைகளின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். மைதானத்தில் அவர்களுக்கு உடை, பார்வையாளர், வயது என்று பல வரையறைகள். மகளிர் பாடசாலைகள் தங்களுக்குள் ஒழுங்கு செய்துகொண்டு நன்றாகவே நடத்துகின்றன. ஆனால் வலயம், மாகாணம் என்று மேலே போகும்போது வீட்டில் 'போதும்' என்ற சொல் வந்துவிடுகிறது. தமிழ்மொழித் தினத்தில் அந்தச் சொல் தாமதமாகத்தான் வரும். பேச்சுக்கும் எழுத்துக்கும் மாகாணம் வரை மகளை அழைத்துப்போகும் வாப்பாமார் நம்மிடையே குறைவில்லை. ஆடல், இசை என்றால் தயக்கம் திரும்பி வரும்; அங்கே பாவோதலும் முஸ்லிம் நிகழ்ச்சியும் ஒரு நடுவழியைத் திறந்து கொடுக்கின்றன. ஆக, பெண் பிள்ளை தூரம் போவது மேடையில். கூட்டமாக மகிழ்வது மைதானத்தில். இரண்டையும் ஒரே பிள்ளைக்கு ஏன் கொடுக்கக்கூடாது?

கொடுக்கலாம் என்பதே என் தீர்ப்பு. அதற்குப் புதிய சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. தமிழ்மொழித் தினத்தின் பாடசாலை மட்டப் போட்டியை இல்லங்களுக்கிடையே நடத்துங்கள். ஸபாவின் விவாத அணி மர்வாவின் அணியோடு மோதட்டும். ஒவ்வோர் இல்லமும் தன் நாட்டார் பாடலைத் தன் பிள்ளைகளின் வீடுகளிலிருந்தே தேடிக்கொண்டு வரட்டும். மேடை அலங்காரத்துக்கும் அறிவிப்புக்கும் புள்ளி கொடுங்கள். மேடைக்கு வராத பிள்ளைக்கும் வேலை கிடைக்கும். பேச்சுக்குத் தலைப்பை ஒரு மணி நேரத்துக்கு முன்னர் மட்டும் கொடுங்கள். புள்ளிகளை விளையாட்டுப் போட்டிப் புள்ளிகளோடு கூட்டி, ஆண்டிறுதியில் ஒரே கிண்ணமாகக் கொடுங்கள். அதிதிகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள், பேச வைக்காதீர்கள். மைதானத்தில் நன்றாக ஓடும் இல்லத்துக்கு, நன்றாகப் பேசும் ஒரு பிள்ளையும் தேவைப்படும் நாளில், அந்தப் பிள்ளையை வகுப்புத் தேடிக்கொண்டு வரும்.

பெற்றாருக்கும் ஒரு வார்த்தை. இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறீர்கள். பிள்ளையின் பாடசாலையில் தமிழ்மொழித் தினப் போட்டி எந்தத் திகதியில் என்று இந்த வருடம் அதிபரிடம் கேளுங்கள். அன்றைக்கும் வந்து உட்காருங்கள்.