ஸ்னூக்கர்: ஒரு வசவு விளையாட்டான கதை

காசு கொடுத்துச் சாப்பிடப் போகும் இடத்தில் திட்டும் வாங்கிக்கொண்டு யாராவது சந்தோஷமாகத் திரும்புவார்களா? திரும்புகிறார்கள்! சான் பிரான்சிஸ்கோ நகரின் ‘சாம் வோ’ உணவகத்தில் எட்செல் ஃபோர்ட் ஃபாங் என்றொரு சர்வர் இருந்தார். வருகிறவர்களை அதட்டி உட்கார வைப்பதில் பெயர் பெற்றவர். 1984-ல் அவர் இறக்கும்வரை, அவரிடம் திட்டு வாங்குவதற்கென்றே பலர் அங்கே போனார்கள். 1985-ல் டல்லஸில் தொடங்கிய ‘டிக்ஸ் லாஸ்ட் ரிசார்ட்’டும், 2021-ல் சிட்னியில் தொடங்கிய ‘கேரன்ஸ் டைனர்’ரும் இந்த அதட்டலையே வியாபாரமாக்கின.

வசவு எப்படி விளையாட்டாகிறது? இதற்கு விடை சொல்லும் பழைய கதை ஒன்று நீலகிரியில் இருக்கிறது. ஆனால் அது நடந்தது ஓட்டலில் அல்ல, கிளப்பில்.

சர் வில்லியம் ரம்போல்டு என்பவர் 1830களின் தொடக்கத்தில் ஊட்டியில் கட்டிய மாளிகைதான் பின்னாளில் ஊட்டி கிளப் ஆனது. கிளப் தொடங்கிய ஆண்டு 1841. கோடைகாலத்தில் சென்னை மாகாண அரசே மலையேறிவிடும் என்பதால், ராணுவ அதிகாரிகளும் அங்கே கூடுவார்கள். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-ல் முறையாக எழுதி வைக்கப்பட்டது இந்தக் கிளப்பில்தான்.

விதி எழுதியது ஊட்டியில் என்றாலும், ஆட்டம் பிறந்தது 1875-ல், ஜபல்பூரில். அதை உருவாக்கியவர் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி (பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்). இங்கிலாந்தில் உள்ள வுல்விச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை ‘ஸ்னூக்கர்’ என்று மட்டமாக அழைப்பது வழக்கமாம். ஒருநாள் ஆட்டத்தில் ஒருவர் சுலபமான பந்தைத் தவறவிட்டார். சேம்பர்லின் அவரை ‘ஸ்னூக்கர்’ என்று சொல்லிவிட்டார். சொன்னவர் அதோடு நிற்கவில்லை. நண்பரின் முகம் வாடக்கூடாதே என்று, இந்தப் புது ஆட்டத்தில் எல்லாருமே ஸ்னூக்கர்கள்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. 1938-ல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதை விவரித்திருக்கிறார்.

கதையின் சூட்சுமம் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது. திட்டியவர் தன்னையும் அந்தத் திட்டில் சேர்த்துக்கொண்டார். அதனால் வசவு விளையாட்டானது. திட்டும் உணவகங்களிலும் இதே கணக்குதான். அது நடிப்பு என்று இருவருக்கும் தெரியும். பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடலாம்.

ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பியர் கிளப்புகளில் இந்தச் சலுகை மேஜையைச் சுற்றி நின்றவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. அங்கே பரிமாறியவர்கள் இந்தியர்கள். தலை நரைத்த வேலைக்காரரையும் ‘பாய்’ (பையன்) என்று கூப்பிடுவது தென்னிந்தியாவில் வெள்ளையர் வழக்கம். 1886-ல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியே இதைப் பதிவு செய்திருக்கிறது. இதுவும் ஒருவகை வசவுதான். ஆனால் அவர் பதிலுக்கு எதுவும் சொல்ல முடியாது. எழுந்து போகவும் முடியாது, போனால் வேலை போய்விடும்.

படித்த, வசதியான இந்தியர்களுக்கோ வாசலிலேயே மரியாதை முடிந்துவிட்டது. 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அதனால்தான் 1873-ல் சென்னையில் காஸ்மாபாலிட்டன் கிளப் உருவானது. பலரை வெளியே நிறுத்துவதுதான் உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைத்த பெருமை!

வெள்ளையர் போனபிறகும் சில வாசல் விதிகள் போகவில்லை. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், ஒரு புத்தக வெளியீட்டுக்காக சேப்பாக்கம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்புக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனார். உடை விதியைக் காட்டி அவரை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். சட்டமன்றத்திலேயே கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே, வேட்டி கட்டியவரைத் தடுக்கும் கிளப்பின் உரிமத்தை ரத்து செய்யவும், பொறுப்பானவர்களைத் தண்டிக்கவும் வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது.

திட்டும் ஓட்டலில் சர்வர் அதட்டினால் சிரிப்பு வருகிறது. கிளப் வாசலில் காவலாளி தடுத்தால் சட்டமே வரவேண்டியிருக்கிறது. வார்த்தையின் கடுமை இங்கே பெரிய விஷயமல்ல. ஓட்டலில் திட்டு வாங்குபவர் தானே விரும்பி வந்து உட்கார்ந்தவர். வாசலில் நின்றவருக்கு உட்கார இடமே கொடுக்கவில்லை. எல்லாருமே ஸ்னூக்கர்கள்தான் என்று சொல்லிச் சிரித்த அந்தக் கூட்டம், ‘எல்லாரும்’ என்ற கணக்கில் தங்களுக்குக் கோப்பை நீட்டிய கைகளைச் சேர்க்கவில்லை என்பதையும் ஸ்னூக்கரின் சரித்திரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.