ஹிஜ்ரத் சென்ற கடற்கரைப் பாதை

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக!

முஹர்ரம் பிறக்கும்போதெல்லாம் ஹிஜ்ரத்தின் தியாகத்தை நாம் நினைவுகூர்கிறோம். அப்பயணம் சென்ற பாதையைப் பற்றிச் சிந்திப்பவர் சிலரே. அப்பாதையிலும் நமக்குப் பெரும் படிப்பினை உண்டு.

கி.பி. 622-இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டுப் புறப்பட்டார்கள். சேர வேண்டிய யத்ரிப் வடக்கே இருந்தது. ஆயினும் நபியவர்களும் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களும் முதலில் தெற்கே சென்று, தவ்ர் மலைக் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்ரின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) இரவில் வந்து மக்காவின் செய்திகளைச் சொன்னார். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டிவந்து பால் தந்தார். அஸ்மா (ரலி) அவர்கள் தமது இடுப்புக் கச்சையைக் கிழித்து உணவுப் பையைக் கட்டினார்கள்.

பிடித்துத் தருவோருக்கு 100 ஒட்டகங்கள் பரிசு என்று குறைஷியர் அறிவித்த நேரம் அது. அந்நேரத்தில் கூலிக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது குறைஷியரின் மார்க்கத்திலேயே இருந்தார் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவரிடமே இரு ஒட்டகங்களும் ஒப்படைக்கப்பட்டன. ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் செல்வந்தராகியிருப்பார். அவரோ குறித்த வேளையில் குகைக்கு வந்தார். வழக்கமான வழியை விடுத்து, செங்கடலோரமாக அழைத்துச் சென்றார். உஸ்ஃபானுக்குக் கீழ்ப்புறமாகவும் குதைத் வழியாகவும் சென்று, கணவாய்களையும் பள்ளத்தாக்குகளையும் கடந்து, குபாவில் பத்திரமாகச் சேர்த்தார்.

இப்பாதையைச் செப்பனிடும் திட்டம் 2025 ஜனவரியில் மதீனாவில் தொடங்கி வைக்கப்பட்டது. மொத்தம் 470 கிலோமீட்டர். அதில் 305 கிலோமீட்டர் நடைபாதை. வழியில் 41 வரலாற்றுத் தலங்கள் என அறிவிக்கப்பட்டது. கடலோரச் சமவெளியும் கருமலைகளும் காண்போர் கண்ணைக் கவரும். ஆனால் காட்சியை மட்டும் கண்டு திரும்புவோர் பாதையின் உயிரைக் காணாதவரே.

அல்லாஹ்வின் தூதரே திட்டமிட்டார்கள். திறமையும் நாணயமும் உள்ளவரை, அவர் மாற்று மார்க்கத்தவராயினும், நம்பினார்கள். அண்டை வீட்டாரைச் சந்தேகத்தோடு நோக்கும் இக்காலத்தில் இந்த ஸுன்னத்தை நாம் மறக்கலாகாது. பிறர் அமானிதமாக நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர்களாக நாம் இருக்கிறோமா என்பதையும் ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோமாக!

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்நற்பேற்றை அருள்வானாக! ஆமீன்.