ஊத்தாவும் சோழகங்கமும்

ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்துல ஏரி வெட்டுன கதை நமக்கெல்லாம் தெரியும். சோழகங்கம்! தண்ணீராலேயே எழுப்பின வெற்றித்தூண்னு திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமையடிக்குது. ஆனா ஏரிக்குள்ள என்ன இருக்கும்னு எந்த வரலாற்று டீச்சரும் சொன்னதில்லை.

அதைச் சொல்லித்தர்றது மீன்பிடிதான். பெரம்பலூர், அரியலூர் பக்கம் கோடையில தண்ணி வத்துனதும் ஊரே ஏரியில இறங்கும். பெரியவங்க கையில ஊத்தா (மேலயும் கீழயும் திறந்த கூடைங்க, சேத்துல அமுக்கிட்டு மேல்வாய் வழியா கைவிட்டுத் துழாவணும்). பொடிசுங்க பின்னாடியே ஓடும். விரால் சேத்துல பதுங்கும், கெளுத்தி முள்ளு குத்தினா உயிர் போற மாதிரி கடுக்கும்... எல்லாம் முதல் நாளே பாடமாயிடும். கடைசித் தண்ணி மதகுப் பள்ளத்துல நிக்கும், மீனும் அங்கதான். மதகை ஏன் அங்க வெச்சாங்க, வண்டல் எங்க மேடு தட்டியிருக்குன்னு காலே சொல்லிடும்.

இப்போ சோழகங்கத்துக்கு வருவோம். இன்னிக்கு அதுக்குப் பேர் பொன்னேரி. 1855ல எழுதின குறிப்பு ஒண்ணு, கரை 16 மைல் நீளம்னும், ஏரி பாழாகி உள்ளே காடு மண்டிக் கெடக்குன்னும் சொல்லுது. எதிரிப் படை வந்து அழிச்சதா ஊர்க்கதை வேற. இருக்கலாம். ஆனா முழங்கால் வரைக்கும் வண்டல்ல புதைஞ்சு மீன் புடிச்ச பையன்கிட்ட கேளுங்க, படையெல்லாம் எதுக்கும்பான்!