பாலாற்றங்கரையும் ஒரு சிவப்பு மாளிகையும்

ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் அது நிற்கும் மண்ணிலேதான் இருக்க வேண்டும் என்பது கொத்தனாரின் கணக்கு. சரித்திரத்தின் கணக்கு வேறு. வேல்ஸ் நாட்டின் கிழக்கு எல்லையில் வெல்ஷ்பூல் என்ற சிற்றூருக்கு அருகே, பாறை முகடு ஒன்றின் மேல் போவிஸ் மாளிகை நிற்கிறது. அதன் அஸ்திவாரத்தில் ஒரு பகுதி நம் பாலாற்றங்கரையில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெல்ஷ் சிற்றரசர்கள் கட்டிய கோட்டை அது. செந்நிறக் கல்லால் ஆனது. ஆகவே ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் அதைச் 'சிவப்புக் கோட்டை' என்றே அழைத்தார்கள். 1587-ல் ஹெர்பர்ட் என்ற பிரபு குடும்பம் அதை விலைக்கு வாங்கிற்று. அதன் பிறகு கோட்டை மெல்ல மெல்ல வீடாக மாறியது. சுதை வேலைப்பாடு நிறைந்த நீண்ட கூடம் ஒன்று எழுந்தது. அரச மரியாதைக்கென்று ஒரு படுக்கையறை அமைந்தது. அதில் கட்டிலைச் சுற்றி, கர்ப்பக்கிருகத்தின் முன்னால் போடுவதுபோல ஒரு கிராதி! பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பாறைச் சரிவை வெட்டி, இத்தாலியப் பாணியில் அடுக்கடுக்காகத் தோட்டம் அமைத்தார்கள். எல்லாம் சரி, பணம்? நூறு ஆண்டுகளில் குடும்பம் கடனில் மூழ்கியது. மாளிகை பழுதடைந்தது.

இனி நம் பக்கம் வருவோம். ஆம்பூர் என்றால் இன்று தோல் ஷாப்பும் பிரியாணியும் நினைவுக்கு வரும். 1749 ஆகஸ்டில் அங்கே நடந்த சண்டையில்தான் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் உயிரிழந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். சந்தா சாகிப் அங்கே போய் அவரை வளைத்துக்கொண்டார். சந்தா சாகிபின் கவனத்தைத் திருப்பவே, கம்பெனிக் குமாஸ்தாவாக வந்த ராபர்ட் கிளைவ் 1751-ல் ஆற்காட்டைப் பிடித்தார். இருபத்தாறு வயது நிரம்பாத பிள்ளை. ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்ததும் அவர் பெயர் கடல் கடந்தது. ஆற்காட்டில் புகழ், ஆறு ஆண்டுகள் கழித்துப் பிளாசியில் பொருள். மீர் ஜாபர் அவருக்குக் கொடுத்தது மட்டும் 2,34,000 பவுன்.

கிளைவின் மகன் எட்வர்டுக்குச் செல்வம் இருந்தது, பழைய குலப்பெயர் இல்லை. ஹெர்பர்ட் குடும்பத்துப் பெண் ஹென்றியட்டாவுக்குக் குலப்பெயர் இருந்தது, செல்வம் இல்லை. 1784-ல் கல்யாணம் நடந்தது. இதற்குத் தரகர் தேவையா என்ன!

1798-ல் எட்வர்டு சென்னைக் கவர்னராக வந்தார். மறு ஆண்டு மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அவருடைய சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக உடைத்தார்கள். அதை அலங்கரித்த பொற்புலித் தலைகளில் ஒன்று போவிஸ் போய்ச் சேர்ந்தது. திப்புவின் பூவேலைத் துணிக் கூடாரமும் போயிற்று. பிற்காலத்தில் அந்த வீட்டார் தோட்ட விருந்துகளுக்கு அதைப் பந்தலாகப் போட்டுக்கொண்டார்கள். 1800-ல் ஹென்றியட்டா இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு மைசூர்ச் சீமைவரை ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்தாள். சேகரிப்பதில் அவளுக்கும் ஆசை உண்டு. அடுத்த ஆண்டு அவள் சகோதரர் பிள்ளையில்லாமல் இறக்க, மாளிகை அவள் மகனுக்கு உரிமையாயிற்று. கிளைவின் செல்வம் பழுது பார்த்தது. வேலையை ஏற்றவர் ராபர்ட் ஸ்மர்க் — லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தைக் கட்டிய அதே சிற்பி.

கூடாரம் அங்கே போயிற்று, கூடாரத்துக்கு உரியவர்கள்? அவர்களை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். விஜயநகரத்தார் காலத்துக் கருங்கல் மதில், அகழி, உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், மகால்கள். போவிஸில் ஒரு கோட்டை வீடாயிற்று. வேலூரில் வீடுகளே சிறையாயின. 1806 ஜூலை 10-ம் தேதி விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். முந்தின நாள்தான் திப்புவின் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நடந்திருந்தது. மதில்மேல் சில மணி நேரம் மைசூர்க் கொடி பறந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை விரைந்து வந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போவிஸ் மாளிகை 1952-ல் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் வந்தது. 1987-ல் அங்கே கிளைவ் காட்சிசாலை திறக்கப்பட்டது. ஆம்பூர், ஆற்காடு, வேலூர் மூன்றும் ஒரே சாலையில் இருக்கின்றன. அந்த மாளிகையின் கதையும் அதே சாலை வழியாகத்தான் போகிறது. கடல் கடந்து போய்ப் பார்க்க எல்லாருக்கும் வாய்க்காது. வேலூர்க் கோட்டைக்கு ஒரு பஸ் போதும். திப்பு மகாலின் வெறும் சுவர்களைப் பார்க்கும்போது, அங்கே எதுவும் இல்லையே என்று திரும்பிவிடாதீர்கள். இல்லாமல் போனவை எங்கே இருக்கின்றன என்பதுதான் நமக்குத் தெரியுமே!