எழுத்தின் காலடியில் ஒரு சின்ன எண்

படிவம் 4-ல் கிமியா (வேதியியல்) எடுத்த கெடா பிள்ளைகள், யானில் இருந்தாலும் குவார் செம்பெடாக்கில் இருந்தாலும் சுங்கை பட்டாணியில் இருந்தாலும், முதலில் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகிறது. அதை எழுதிச் சமன் செய்யச் சொல்கிறார் ஆசிரியர். இடப்பக்கம் ஆக்சிஜன் அணு இரண்டு, வலப்பக்கம் ஒன்று. பிள்ளை தண்ணீரில் உள்ள ஆக்சிஜனின் காலடியில் ஒரு 2 போட்டுவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் இரண்டுக்கு இரண்டு, கணக்கு சரி. ஆனால் எழுதியது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவும் மருந்து அது. குடிக்க முடியாது.

கீழே உள்ள சின்ன எண்ணைத் தொடாதே, முன்னால் வரும் பெரிய எண்ணை மட்டும் மாற்று என்று விதியைச் சொல்லிவிட்டு வகுப்பு அடுத்த கணக்குக்குப் போய்விடும். விதி சரியானதுதான். அதற்குப் பின்னால் ஐம்பது வருடச் சண்டை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விதியை மட்டும் கையில் கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம். தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய், பெர்சாமாஅன் கிமியா (வேதியியல் சமன்பாடு) என்று மலாயில் இந்தப் பாடத்தை முதன்முதலாகக் கேட்கும் நம் பிள்ளைகள், காரணம் தெரியாத விதியை மனப்பாடம் செய்துகொண்டு தப்பிக்கத்தான் பார்ப்பார்கள்.

சமன்பாடு என்று சொல்லத்தக்க ஒன்றை முதலில் தாளில் போட்டுக் காட்டியவர் பிரான்சு நாட்டு ழான் பெகுவின். 1615-ல் வந்த அவருடைய பாடநூல் பதிப்பில் ஒரு படம் இருக்கிறது. பாதரசக் குளோரைடையும் ஆன்டிமனி சல்பைடையும் சேர்த்துச் சூடாக்கினால் எதன் பகுதி எதனோடு போய்ச் சேர்கிறது என்று கோடு இழுத்துக் காட்டியிருப்பார். எது எங்கே போகிறது என்பது அதில் உண்டு. எவ்வளவு என்பது இல்லை.

அந்த ‘எவ்வளவு’ அந்துவான் லவுவாசியேவிடமிருந்து வந்தது. அவர் அரசாங்கத்துக்கு வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்குதாரர். வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும் என்ற பழக்கம் அவர் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் வந்தது. 1774-ல் கண்ணாடிக் குடுவைக்குள் ஈயத்தை வைத்து, வாயை மூடி உருக்கிச் சூடாக்கினார். தோட்டத்தில் வெள்ளீயம் என்போமே, அந்த ஈயம். உலோகத்தின் மேல் சாம்பல் போல் படிந்தது; குடுவையின் மொத்த எடையோ மாறவே இல்லை. திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது, அப்போதுதான் எடை கூடியது. ஈயம் காற்றின் ஒரு பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது என்பது அதிலிருந்து புரிந்தது.

ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வாளியோடு பாலை நிறுத்தபின், மெட்ரோலாக் என்ற அளவுமானியை மிதக்கவிட்டு, இதில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்து, காய்ந்த எடைக்குத்தான் சம்பளம் போடுவார்கள். காய்ந்த ஷீட்டின் எடை வாளிப்பாலின் எடையில் பாதிகூட வராது. மீதி எங்கும் தொலைந்துவிடவில்லை, தண்ணீராகப் போயிற்று. அந்தத் தண்ணீரையும் பிடித்து நிறுத்து ஏட்டில் எழுதினால் இரண்டு பக்கமும் ஒத்துவரும். லவுவாசியே செய்தது அதைத்தான்: ஓடிப்போகும் காற்றையும் பிடித்து நிறுத்தார்.

1789-ல் வெளிவந்த தம் பாடநூலில், திராட்சைச் சாறு புளிப்பதை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் சாறு, மறுபக்கம் கரியமில வாயுவும் சாராயமும், நடுவில் சமக்குறி. வேதியியல் மாற்றத்தை இயற்கணிதச் சமன்பாடாகப் பார்க்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்ன இடம் அது. நம் தென்னங்கள் புளிப்பதும் இதே மாற்றம்தான். கெடாவின் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதை நினைக்கும்போது, இந்தச் சமன்பாட்டின் வலப்பக்கம் எத்தனை குடும்பங்களின் கூலியைக் குடித்தது என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது. அந்தச் சமன்பாட்டை எழுதிய லவுவாசியேயை வரி வசூல்காரர் என்பதற்காகவே 1794-ல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் கொன்றார்கள்.

எடை வந்தது. ஆனால் எழுத்து இன்னும் வரவில்லை. 1808-ல் ஜான் டால்டன் அணுக்களை வட்டங்களாக வரைந்தார்: வட்டத்துக்குள் புள்ளி, வட்டத்துக்குள் கோடு என்று தனிமத்துக்கு ஒன்று. அச்சுக்கோப்பவர்களுக்கு அது பெரும் தொல்லை. சுவீடனின் பெர்சீலியஸ் 1813, 1814 ஆண்டுகளில் வட்டத்தை விட்டுவிட்டு, தனிமத்தின் லத்தீன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார்; எத்தனை அணு என்பதை எழுத்தின் தோளில் எண்ணாக வைத்தார். அந்த எண்ணைத் தோளிலிருந்து காலடிக்கு இறக்கியவர் ஜெர்மனியின் லீபிக், 1834-ல். இன்று யான் பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தில் உள்ள சின்ன எண் அப்படி வந்தது. டால்டன் கடைசிவரை அந்த எழுத்துமுறையை ஏற்கவில்லை.

எண்ணை எங்கே எழுதுவது என்பது முடிந்தது. என்ன எண் எழுதுவது என்பதில்தான் சண்டை. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் என்றார் டால்டன். எளியதே சரியாக இருக்கும் என்பதைத் தவிர அவரிடம் சான்று இல்லை. அதே 1808-ல் வேதியியலாளர் கே-லுசாக் வாயுக்களை எடையால் அல்லாமல் கொள்ளளவால் அளந்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜனோடு ஒரு பங்கு ஆக்சிஜன் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது. இரண்டு, ஒன்று, இரண்டு. இன்று பிள்ளைகள் சமன் செய்து கண்டுபிடிக்கும் பெரிய எண்கள், தண்ணீரின் வாய்பாடு யாருக்கும் உறுதியாகத் தெரியாத காலத்திலேயே கண்ணாடிக் குழாயில் அளக்கப்பட்டுவிட்டன!

ஒரு பங்கு ஆக்சிஜன் எப்படி இரண்டு பங்கு நீராவிக்குள் போய் உட்கார முடியும்? ஒவ்வொரு ஆக்சிஜன் துகளும் இரண்டாகப் பிரிந்தால்தான் முடியும். ஆக்சிஜன் இரட்டையாகத் திரிகிறது என்று 1811-ல் இத்தாலியின் அவகாட்ரோ சொன்னார். யாரும் காதுகொடுக்கவில்லை, ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும், அவை இணையாது என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. அதற்குள் ஒருவர் கார்பனின் எடையை 6 என்றும் மற்றவர் 12 என்றும் வைத்துக் கணக்குப் போட, சின்ன எண்கள் ஆளுக்கு ஒன்றாகின. தோட்டங்களில் ஒரு காலத்தில் பால் உறைவதற்கு ஊற்றிய அசெட்டிக் ஆசிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே பொருளுக்குப் புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளை வேதியியலாளர் கெக்கூலே தம் பாடநூலில் அடுக்கிக் காட்டினார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடினார்கள். கூட்டத்தில் முடிவு எட்டப்படவில்லை. கலைந்து போகும்போது கன்னிசாரோ எழுதிய சிறு நூலொன்று கைக்குக் கை வந்தது. அவகாட்ரோ சொன்னதை ஏற்றுக்கொண்டால் எல்லா எடைகளும் ஒழுங்காக விழுகின்றன என்று அதில் காட்டியிருந்தார். ஊருக்குத் திரும்பும் வழியில் படித்தவர்கள் மனம் மாறினார்கள். சின்ன எண்கள் அதன்பிறகே நிலைத்தன. அவை இயற்கை கொடுத்த எண்கள். ஐம்பது வருடம் அளந்து கண்டவை. பெரிய எண் மட்டும் நாம் எவ்வளவு எடுக்கிறோம் என்பது. அதை மாற்றும் உரிமை நமக்கு உண்டு.

அதே 1860-ல் நம் ரப்பருக்கும் ஒரு வேலை நடந்தது. ரப்பரில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உண்டு என்று 1826-லேயே பாரடே காட்டியிருந்தார். வேதியியலாளர் கிரெவில் வில்லியம்ஸ் 1860-ல் ரப்பரைச் சூடாக்கி வடித்து, அதன் அடிப்படைத் துண்டைப் பிரித்தெடுத்து ஐசோப்ரீன் என்று பெயர் வைத்தார்: கார்பன் 5, ஹைட்ரஜன் 8. கெடா பிள்ளைக்குச் சமன் செய்யக் கற்றுக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தத் துண்டு முழுதாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். கார்பன் ஐந்து இருப்பதால் கரியமில வாயு ஐந்து. ஹைட்ரஜன் எட்டு, தண்ணீருக்கு இரண்டிரண்டாகப் போவதால் தண்ணீர் நான்கு. ஆக்சிஜனைக் கடைசிக்கு விட வேண்டும், ஏனென்றால் அது மட்டும் தனியாக நிற்கிறது. அதை மாற்றினால் வேறெதுவும் குலையாது. வலப்பக்கம் பத்தும் நான்கும் பதினான்கு, இரட்டையாக வருவதால் ஆக்சிஜன் ஏழு. இப்போது நிறுத்துப் பார்க்கலாம்: ஐசோப்ரீன் 68 கிராம், ஆக்சிஜன் 224 கிராம்; மறுபக்கம் கரியமில வாயு 220, தண்ணீர் 72. இரண்டு பக்கமும் 292.

அடுத்த உதாரணத்துக்கு ஜெராய் மலைக்கே போகலாம். யானுக்கு மேலே நிற்கும் அந்த மலையின் தென்புறம், பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து என்ற இடத்தில் 2009-ல் தொடங்கிய அகழாய்வில் பழங்கால இரும்பு உலைகளும், காற்று ஊதும் களிமண் குழாய்களும், கசடும் குவியலாகக் கிடைத்தன. அவற்றின் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே வழக்கு இருக்கிறது. அங்கே இரும்பு உருக்கியதில் வழக்கில்லை. மரக்கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது, அது தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கரியமில வாயுவாகிறது, இரும்பு மிஞ்சுகிறது. ஹெமடைட் தாதுவில் இரும்பு 2, ஆக்சிஜன் 3. மோனாக்சைடு ஒன்று ஓர் ஆக்சிஜனைத்தான் தூக்க முடியும், ஆகவே மூன்று வேண்டும். தாது 160 கிராமுக்கு மோனாக்சைடு 84. கிடைப்பது இரும்பு 112, கரியமில வாயு 132. கூட்டிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.