பொய்ச் சாட்சி: புகார் கொடுப்பது யார்?

"கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்லிட்டான் சார். போலீஸில் புகார் கொடுக்கப் போறேன்" என்று கொதித்தார் நண்பர். பாகப்பிரிவினை வழக்கு. எதிரே சொந்தத் தம்பி.

ஒரு காலத்தில் அவர் நேரடியாக இறங்கியிருக்கலாம். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கோர்ட்டின் முன் அனுமதி வாங்கிவிட்டால் தனி ஆளே பொய்ச் சாட்சி வழக்குப் போடலாம். அந்த அனுமதியை வைத்துப் பழி தீர்த்துக்கொண்டவர்கள் உண்டு. 1923 திருத்தம் அந்த வழியை அடைத்தது. கோர்ட்தான் எழுத்தில் புகார் தர வேண்டும் என்றானது. 1973 சட்டத்தில் 195, 340 பிரிவுகள். 2024 ஜூலையில் அமலான புதிய சட்டத்தில் 215, 379.

நாம் மனு மட்டும் போடலாம். நீதியின் நலனுக்கு அது தேவையா என்று தீர்மானிப்பது கோர்ட்.

"மனு போடுங்க. ஆனால் தம்பியை உள்ளே தள்ளும் சாவி உங்க கையில் இல்லாததும் நல்லதுக்குத்தான்" என்றேன். நண்பர் பதில் சொல்லவில்லை.